பெட்டிக்குள் யார் முதலாளி?

வாசகர் கேள்விகள்: கரன்ட், கருவி, கைவேலை

கோடை விடுமுறை வந்தால் எனக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிடும். மற்ற மாதங்களில் மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர், ஓடாத மோட்டார். ஏப்ரல், மே என்றால் பிள்ளைகள் பிரித்துப் போட்ட சாமான்கள். இந்த முறை எல்லாக் கேள்வியும் ஒரே பொருளைச் சுற்றி வந்திருப்பதுதான் ஆச்சரியம்: வீட்டிலேயே செய்த வீடியோ கேம்ஸ் பெட்டி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் காசு போட்டு விளையாடும் பெட்டிகளையும் நான் பார்த்துக் கொடுத்ததுண்டு. அங்கே பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டு விளையாடியவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்குப் பெட்டி செய்கிறார்கள் போல. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: எங்களுக்குத் தறி. தறிக்கூடத்தை ஒட்டிய அறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து ப்ளைவுட்டில் ஆள் உயரத்துக்கு கேம்ஸ் பெட்டி செய்திருக்கிறேன். உள்ளே கம்ப்யூட்டர், 22 இன்ச் மானிட்டர், சின்ன ஆம்ப்ளிஃபயர், மேலே பெயர்ப்பலகைக்குப் பின்னால் எல்.இ.டி. பட்டை, சூட்டை வெளியே தள்ள ஒரு ஃபேன். விளையாட உட்கார்ந்தால் பின்னால் கையை விட்டு ஐந்து சுவிட்ச் போட வேண்டும். அணைக்கும்போது ஏதாவது ஒன்றை மறந்துவிடுகிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் ஸ்மார்ட் பவர் ஸ்ட்ரிப் என்று காட்டுகிறார்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மற்றதெல்லாம் தானாக எரிகிறது. சேலத்தில் கிடைக்குமா, நானே செய்யலாமா?
ஒரு வாசகர், அம்மாபேட்டை

பதில்: செய்யலாம். ஆனால் கடைக்குக் கிளம்பும் முன் பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. மானிட்டரில் படம் வந்ததும், அதன் பட்டனைத் தொடாமல் சுவர் சுவிட்சை அணையுங்கள். பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி போடுங்கள். மானிட்டர் தானாக எழுந்து வருகிறதா, இல்லை சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு யாராவது தட்டி எழுப்பட்டும் என்று படுத்திருக்கிறதா? ஆம்ப்ளிஃபயருக்கும் இதே சோதனை.

கம்ப்யூட்டர் மானிட்டர்கள் பெரும்பாலும் எழுந்துவிடும். டி.வி.யை மானிட்டராக வைத்திருப்பவர்களுக்குத்தான் தலைவலி. சில டி.வி.க்களின் மெனுவில், கரன்ட் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பச் சொல்லும் ஏற்பாடு இருக்கும், தேடிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் டக்கென்று ஒரு பக்கம் சாயும் சுவிட்சோ, வால்யூம் குமிழோடு சேர்ந்த திருகு சுவிட்சோ இருந்தால் கவலை இல்லை. மெத்தென்று அமுங்கித் திரும்பி வரும் பட்டன் என்றால் சந்தேகம்தான். சோதனையில் தோற்கும் ஆம்ப்ளிஃபயரை இப்போதே மாற்றிவிடுங்கள். எவ்வளவு விலை கொடுத்து ஸ்ட்ரிப் வாங்கினாலும் அதை எழுப்ப முடியாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு என்னிடம் வந்து தலையைச் சொறிந்தவர்கள் நிறையப் பேர்.

இனி வீடியோவில் பார்த்த சாமானைப் பற்றி. அதில் ஒரு சாக்கெட் முதலாளி, மற்றவை வேலையாட்கள். முதலாளி சாக்கெட்டுக்குப் போகும் வயர் உள்ளே ஒரு குட்டி கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரின் வளையத்துக்குள் நுழைந்து போகும். அந்த வயரில் ஓடும் கரன்ட் ஓர் அளவைத் தாண்டினால் ரிலே (காயிலில் கரன்ட் பாய்ந்தால் காந்தமாகித் தானாக மூடும் சுவிட்ச்) இழுத்து மற்ற சாக்கெட்டுகளுக்கு வழி விடும், குறைந்தால் விட்டுவிடும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் ஒன்றிரண்டு வாட் குடித்துக்கொண்டுதான் இருக்கும். ஓடும்போது உங்களுடையது போன்ற பழைய டெஸ்க்டாப் 50, 60 வாட்டாவது கேட்கும். இவ்வளவு இடைவெளி இருப்பதால் ஸ்ட்ரிப்பால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடிகிறது.

நம்மூர் கடையில் ‘ஸ்மார்ட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் வை-ஃபை வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அது வேறு சாமான். அதற்கு முதலாளி உங்கள் செல்போன். கம்ப்யூட்டர் ஓடுகிறதா, படுத்திருக்கிறதா என்பதைப் பற்றி அதற்கு அக்கறை கிடையாது. கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் அணைத்தீர்கள் என்றால், ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் கையைப் பிடித்து முறித்த மாதிரி. எது எவ்வளவு வாட் தின்கிறது என்று அளந்து பார்க்க அந்த பாக்ஸ்களில் சில நன்றாக உதவும். நானே ஒன்று வைத்திருக்கிறேன், மீட்டராக மட்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டையும் விட எளிது. கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து (மெயின் கரன்டைக் குறைந்த வோல்ட்டேஜாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி) வரும் வயர்க் கொத்தில், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுக்கும் நாலு பின் வெள்ளைக் கனெக்டர் ஒன்று சும்மா தொங்கும். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பும் கிரவுண்ட். கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டுமே மஞ்சளில் 12 வோல்ட் இருக்கும். ஷட்டவுன் முடிந்த கணத்தில் போய்விடும். கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? கரன்டை அளக்கவும் வேண்டாம், போனைத் தொடவும் வேண்டாம்.

அந்த 12 வோல்ட்டை ஒரு ரிலேயின் காயிலுக்குக் கொடுங்கள். மஞ்சள் வயரில் அரை ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு போட்ட பக்கம் மஞ்சளைப் பார்த்து இருக்க வேண்டும். காயில் விடும்போது எதிர்ப்பக்கமாக எகிறும் வோல்ட்டேஜை அது விழுங்கிக்கொள்ளும். ரிலேயின் கான்டாக்ட் வழியாக பேஸ் மட்டும் போகட்டும்: மெயின் பேஸ் பொதுக்காலுக்கு, சாதாரணமாகத் திறந்திருக்கும் காலிலிருந்து மானிட்டர், ஆம்ப்ளிஃபயர், விளக்கு, ஃபேன் சாக்கெட்டுகளுக்கு. நியூட்ரலும் எர்த்தும் நேராக எல்லாவற்றுக்கும். கம்ப்யூட்டரின் சாக்கெட் ரிலேக்கு முன்பாகவே பேஸை எடுத்துக்கொள்ளும். இதை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மாற்றினால் கம்ப்யூட்டர் வந்தால்தான் ரிலே, ரிலே இழுத்தால்தான் கம்ப்யூட்டர் என்று பெட்டி நிரந்தரமாகத் தூங்கும்.

ரிலே விஷயத்தில் நான் அடிபட்டவன். ஒரு நண்பரின் மகனுக்காக இதே மாதிரி ஒன்று செய்து கொடுத்தேன். சர்க்கரைக்கட்டி சைஸில் நீல ரிலே, மேலே 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. பெட்டியின் மொத்தச் சுமை ஒரு ஆம்பியருக்குள்தானே, பத்து மடங்கு தெம்பு இருக்கிறதே என்று நினைத்தேன். மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் கம்ப்யூட்டரை அணைத்தும் உள்ளே இருந்த குழாய் டி.வி. அணையவில்லை. ரிலேயை உடைத்துப் பார்த்தால் கான்டாக்ட் இரண்டும் வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக்கிடந்தன. பிக்சர் டியூப்பைச் சுற்றியிருக்கும், அதில் ஏறிய காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயில் ஆன் ஆகும் கணத்தில் பல ஆம்பியர் இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ். வைத்த எந்தச் சாமானும் காலியாக இருக்கும் கண்டென்சரை நிரப்ப முதல் சில மில்லி செகண்டுக்கு அசுரப் பசியோடு இழுக்கும். வாட்டைக் கூட்டிப் பார்த்த நான் இந்த முதல் அடியைக் கணக்கில் எடுக்கவில்லை. அதிலிருந்து 16 ஆம்பியருக்குக் குறைந்த ரிலேயை இந்த வேலைக்குத் தொடுவதில்லை. மானிட்டருக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று என்று இரண்டு ரிலே போட்டால் இன்னும் நிம்மதி.

அசையும் பாகமே இல்லாத, சத்தமே வராத சாலிட் ஸ்டேட் ரிலே போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் அது அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கரன்டைக் கசியவிடும். எல்.இ.டி. பட்டை இரவெல்லாம் மின்மினி மாதிரி மினுக்கிக்கொண்டிருக்கும். தவிர, அது கெட்டுப்போனால் பெரும்பாலும் ஒட்டியபடியே கெடும். எனக்கு டக் என்ற சத்தம் பிடிக்கும். வேலை நடந்ததற்கு அதுதானே அத்தாட்சி.

அப்புறம், ஜாய்ஸ்டிக் பக்கத்தில் இருக்கும் பட்டன்களைப் போன்ற பட்டன் ஒன்றின் மைக்ரோ சுவிட்சிலிருந்து இரண்டு வயரை மதர்போர்டில் பவர் சுவிட்ச் மாட்டும் இரண்டு பின்னுக்குக் கொண்டுபோங்கள். எது பிளஸ், எது மைனஸ் என்ற கவலை இல்லை. ஒருமுறை அமுக்கினால் கம்ப்யூட்டர் எழும், 12 வோல்ட் வரும், ரிலே இழுக்கும், பெட்டி முழுக்க ஒளி வரும். மறுபடி அமுக்கினால் கம்ப்யூட்டர் ஒழுங்காக எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு அணையும், கூடவே மற்றதும் அணையும். விளையாட்டின் நடுவே பிள்ளைகள் அமுக்கிவிடாமல் இருக்க அந்த பட்டனைப் பெட்டியின் தலைமேல் வையுங்கள். என் பேரன் எட்டுகிற உயரத்தில் வைத்த தவற்றை நான் செய்திருக்கிறேன்.

230 வோல்ட் பக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சில வார்த்தை. ரிலேயை ப்ளைவுட்டில் அம்மணமாக ஆணி அடித்து வைக்காதீர்கள். மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். உள்ளே வரும் வயரை இழுத்தால் முனை கழன்றுவிடாதபடி கிளாம்ப் பிடியுங்கள். 12 வோல்ட் வயரும் மெயின் வயரும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக் கூடாது. சுவரில் செருகும் பின் 6 ஆம்பியர் போதும், அதற்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். பாக்ஸுக்கு உள்ளே நுழையும் இடத்தில் 3 ஆம்பியர் ஃப்யூஸ். கன்ட்ரோல் பேனல் தகரம் என்றால் அதற்கும் எர்த் கொடுங்கள், வியர்த்த கையை நாள் முழுக்க வைத்திருக்கும் இடம் அது. முதல்முறை ஆன் செய்யும்போது நேராகச் சுவரில் செருகாமல் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுப் பாருங்கள். சாக்கெட்டில் ஒன்றும் மாட்டாமலேயே பல்பு பளீரென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். வயரிங் கை பழகாதவர் என்றால் கட்டுவதை நீங்கள் கட்டி, மூடும் முன் ஓர் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். தறிக்கூடத்துக்கு வழக்கமாக வருபவர் இருப்பாரே.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தினர்களின் பிள்ளைகளுக்காக ஒரு கேம்ஸ் பெட்டி வைத்தோம். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, முதலாளி சாக்கெட் வைத்த ஸ்ட்ரிப் ஒன்றைக் கொண்டுவந்தான். சர்ஜ் ப்ரொடெக்ஷனும் (திடீரென்று எகிறும் வோல்ட்டேஜிலிருந்து காப்பு) அதிலேயே உண்டாம். செருகியதும் டப் என்று வெடித்துப் புகை வந்தது. பிறகு இங்கேயே ஸ்பைக் பஸ்டர் வாங்கிப் போட்டோம். மே மாத இடியில் அதையும் மீறி மானிட்டர் போய்விட்டது. என்னதான் செய்வது?
ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: இரண்டும் வேறு வேறு கதை, அம்மா. முதல் கதையில் குற்றவாளி உங்கள் தம்பியின் அன்பு. அமெரிக்காவில் வீட்டுக்கு வருவது 120 வோல்ட். அந்த ஸ்ட்ரிப்புக்குள் எம்.ஓ.வி. என்று துத்தநாக ஆக்சைடில் செய்த வட்டத் தட்டுகள் இருக்கும். குறிப்பிட்ட வோல்ட்டேஜ் வரை பேசாமல் இருக்கும், தாண்டினால் கரன்டைத் தன் வழியாக விட்டு மற்றதைக் காப்பாற்றும். அங்கே விற்பவற்றில் 130, 150 வோல்ட்டுக்கான தட்டு இருக்கும். நம் 230 வோல்ட் அதற்கு ஓயாத இடி மாதிரி. கரன்டைத் தன் மேல் வாங்கி வாங்கி வெடித்துவிட்டது. பின்னுக்கு அடாப்டர் போட்டால் துளை பொருந்தும், வோல்ட்டேஜ் பொருந்தாது. நம் ஊருக்கானதில் 275 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கும். வெளிநாட்டுச் சாமானை எடுத்ததும் முதுகைத் திருப்பி 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். 120 மட்டும் இருந்தால் பரண்தான் அதற்கு இடம்.

இரண்டாவது கதை மலையின் கதை. ஸ்பைக் பஸ்டர் சர்ஜை விழுங்கிவிடுவதில்லை, எர்த் பக்கம் தள்ளிவிடுகிறது. தள்ள எர்த் இருக்க வேண்டுமே! சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. மேலே கொஞ்சம் மண், கீழே கல். கீழே சேலத்தில் குழி தோண்டிக் கம்பி இறக்குவதுபோல் அங்கே இறக்க முடியாது. பல வீடுகளில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். வேண்டியிருந்தால் மண் ஆழமாக இருக்கும் இடமாகப் பார்த்து இரண்டாவது எர்த் குழி எடுத்துச் சேர்க்கலாம். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் முன்பெல்லாம் எல்லா வீட்டிலும் இருந்தது.

இன்னொன்று, எம்.ஓ.வி. ஒவ்வொரு சர்ஜுக்கும் கொஞ்சம் தேயும். இரண்டு கோடை பார்த்த ஸ்பைக் பஸ்டர் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக மாறியிருந்தாலும் வெளியே தெரியாது. காப்பு வேலை செய்கிறது என்று காட்டத் தனி விளக்கு உள்ளதாக வாங்குங்கள். சுவிட்ச் விளக்கைச் சொல்லவில்லை. இடி பவர் வயரில் மட்டும்தான் வரும் என்றும் நினைக்காதீர்கள். டிஷ் கேபிள், இன்டர்நெட் கேபிள் வழியாகவும் வரும். உங்கள் பெட்டிக்கு இன்டர்நெட் கேபிள் எதற்கு? கழற்றிவிடுங்கள்.

சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்து லைனில் நியூட்ரல் அறுந்தால், 230 வர வேண்டிய வீட்டில் 300-க்கு மேலும் ஏறலாம். அது ஒரு கண சர்ஜ் இல்லை, யாராவது வந்து சரி செய்யும் வரை நிற்கும். எம்.ஓ.வி. அதற்கு முன் எரிந்துபோகும். ஆகவே வீட்டு மெயின் பக்கத்தில், வோல்ட்டேஜ் எல்லை தாண்டினால் துண்டிக்கும் கருவி ஒன்றை வைப்பது ஹோம்ஸ்டேக்கு நல்லது. குளிர்சாதனப்பெட்டி, கீசர் எல்லாவற்றுக்கும் அதே காவல்.

பக்கத்தில் விழும் இடிக்கு மட்டும் ஒரே மருந்துதான்: பின்னைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் போதாது. மேகத்திலிருந்து தரைக்குத் தாவி வந்த மின்னலுக்கு சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு தடையா? பின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். முதல் இடி கேட்கும்போதே பட்டனை அமுக்கி ஒழுங்காக அணைத்துவிட்டுப் பிடுங்கச் சொல்லி உங்கள் ஆட்களைப் பழக்குங்கள். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் பின்னைப் பிடுங்கக்கூட யாரும் அருகே போக வேண்டாம்.

கேள்வி: நான் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். ராஸ்பெரி பை 4 என்ற குட்டி கம்ப்யூட்டரை வைத்துச் சின்ன கேம்ஸ் பெட்டி செய்தேன். ஜெர்மனியிலிருந்து அக்கா வாங்கி வந்த ஸ்ட்ரிப்பின் முதலாளி சாக்கெட்டில் பையின் அடாப்டரைச் செருகினால் மற்ற சாக்கெட்டுகள் உயிர் பெறவே இல்லை. ஸ்ட்ரிப் பழுதா?
ஒரு மாணவர், சூரமங்கலம்

பதில்: ஸ்ட்ரிப் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, முதலாளிதான் நோஞ்சான். பை 4 விளையாடும்போதும் ஐந்தாறு வாட் அளவில்தான் இழுக்கும். இந்த மாதிரி ஸ்ட்ரிப்கள் ஒரு டெஸ்க்டாப்பையோ டி.வி.யையோ எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருந்தால் அளவைக் குறைத்துப் பார். பெரும்பாலும் அவ்வளவு கீழே வராது. வந்தாலும் சும்மா இருக்கும் பைக்கும் ஓடும் பைக்கும் வித்தியாசம் தெரியாமல் டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

முதலாளியை மாற்றிவிடு. மானிட்டரை முதலாளி சாக்கெட்டில் செருகு. பையை எப்போதும் கரன்ட் இருக்கும் சாக்கெட்டுக்குக் கொண்டுபோ. பை எழுந்து எச்.டி.எம்.ஐ. வழியாகப் படம் அனுப்பினால் மானிட்டர் விழிக்கும். தூங்கும்போது அரை வாட் குடிக்கும் மானிட்டர் விழித்தால் இருபது, இருபத்தைந்து வாட் இழுக்கும். ஸ்ட்ரிப்புக்கு அது போதுமானதாக இருக்கலாம், திருகு இருந்தால் கொஞ்சம் திருப்பிக்கொள். ஆம்ப்ளிஃபயரும் விளக்கும் மானிட்டரைப் பின்தொடர்ந்து எரியும், அணையும். என் பழைய கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் இன்றைக்கும் இப்படித்தான் ஒன்று ஓடுகிறது.

ரிலே வைத்துத்தான் செய்வேன் என்றால் ஒரு எச்சரிக்கை. பை ஷட்டவுன் ஆனபின்னும் அதன் 5 வோல்ட் பின்னில் கரன்ட் இருக்கும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பாய். அதில் ரிலேயை மாட்டினால் அது விடவே விடாது. ஜி.பி.ஐ.ஓ. பவர்ஆஃப் என்ற ஓவர்லே (பையின் செட்டிங் ஃபைலில் சேர்க்கும் ஒரு வரி) இருக்கிறது. பை முழுதாக மூடி முடித்ததும் ஒரு பின்னின் நிலையை மாற்றிக் காட்டும், அதைப் பிடித்துக்கொள். அந்தப் பின் 3.3 வோல்ட், 16 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. ரிலே காயிலை நேராக மாட்டாதே, நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் ஸ்ட்ரிப்பில் வோல்ட்டேஜ் சரிதான், அங்கேயும் 230. ஆனால் அதன் பின்னில் எர்த் என்பது பக்கவாட்டில் இருக்கும் தகரப் பட்டை. நம் சாக்கெட்டில் அந்த இரண்டு உருண்டைக் காலும் எப்படியாவது நுழைந்துவிடும், எர்த் பட்டை எதையும் தொடாது. உன் ஸ்ட்ரிப் இப்போது எர்த் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த பின்னை வெட்டிவிட்டு நம்மூர் மூன்று பின்னைப் போட்டுக்கொள். பச்சை மஞ்சள் கோடு போட்ட வயர் எர்த், நீலம் நியூட்ரல், பழுப்பு பேஸ். அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: என் மகன் செய்த கேம்ஸ் பெட்டியால்தான் கரன்ட் பில் ஏறுகிறது என்கிறார் என் மாமியார். சும்மா இருக்கும்போதும் இழுக்கிறது என்று டி.வி.யில் பார்த்தாராம். உண்மையா?
ஒரு வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: இழுப்பது உண்மை. எவ்வளவு என்பதுதான் சண்டைக்கு உரிய விஷயம். எல்லாம் செருகியபடி, அணைந்த நிலையில் 11 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் அளந்த பெட்டி ஒன்றில் அவ்வளவுதான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 16 யூனிட். மேலே அம்மாபேட்டை வாசகருக்குச் சொன்ன ரிலேயைப் போட்டால் கம்ப்யூட்டரின் 2 வாட் மட்டும் மிஞ்சும், 3 யூனிட்டுக்குள் அடங்கும். மகன் தினம் இரண்டு மணி நேரம் விளையாடினால் 150 வாட் பெட்டிக்கு 0.3 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. முழுமூச்சாக ஓடும் ஒரு மணி நேரத்துக்கு இதைப்போல் பல மடங்கு. ஏ.சி. யாருடைய அறையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மிச்சமாகும் கரன்டுக்காக ஸ்மார்ட் ஸ்ட்ரிப் வாங்குகிறேன் என்று கணக்குப் போட்டால் போட்ட காசு திரும்ப வர வருடங்கள் ஆகும். கை எட்டாத இடத்து சுவிட்சும், இரவெல்லாம் மறந்துபோய்ச் சூடாகிக்கிடக்கும் ஆம்ப்ளிஃபயரும்தான் இதைச் செய்ய உண்மையான காரணம்.

கேள்வி: மாதாந்திர பவர் ஷட்டவுன் அன்று பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேம்ஸ் பெட்டியை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா? கரன்ட் போகும் நொடியில் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது.
ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: எல்.சி.டி. மானிட்டர் வைத்த பெட்டி என்றால் ஓட்டலாம், 150 வாட்தானே. குழாய் டி.வி. வைத்தது என்றால் முதல் இழுப்பில் இன்வெர்ட்டர் கத்தும். உங்கள் இன்வெர்ட்டரின் பின்புறம் யு.பி.எஸ். மோட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பக்கம் தள்ளினால் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் குறையும், கம்ப்யூட்டர் அணையாமல் தாண்டிவிடும். தள்ளியபின் லோ வோல்ட்டேஜ் வந்தாலே பேட்டரிக்குத் தாவும். மாலையில் வோல்ட்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் பேட்டரி அடிக்கடி காலியாகும், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கம்ப்யூட்டரின் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை செட்டிங்), கரன்ட் திரும்பி வந்ததும் தானாக ஆன் ஆகும்படி யாரோ வைத்திருக்கிறார்கள், அதை ‘அணைந்தே இரு’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரன்ட் வந்து, பெட்டி தானாக எழுந்து, முழு வால்யூமில் பாட ஆரம்பிக்கும். எங்கள் தெருவில் அது நடந்தபோது எதிர்வீட்டுப் பாட்டி கோயில் திருவிழா என்று நினைத்து எழுந்து குளிக்கப் போய்விட்டார்.